கண்டெடுக்கும் கண்ணும் கற்பிக்கும் கையும்

ஒருவன் தேறுவான் என்று முன்கூட்டியே கண்டு சொல்வது ஒரு வித்தை. அவனைத் தேற்றிக் காட்டுவது வேறொரு வித்தை. உலகத்துத் தொழில்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. மாணவனைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காருகிறவர் வகுப்பிலே அவனுக்குப் பாடம் சொல்வதில்லை. பாடம் சொல்லுகிறவரைக் கேட்டு எவரும் மாணவனைச் சேர்ப்பதுமில்லை. தேர்ந்த பையன் தேறாமற்போனால் முன்னவர் ஆசிரியரைக் குறை சொல்லுவார். வாய்த்த பையன் மந்தமாயிருந்தால் பின்னவர் தேர்ந்தவரை நொந்துகொள்வார். இருவருக்கும் நடுவே நஷ்டப்படுகிறவன் பையன் ஒருவனே. அமெரிக்கக் கல்லூரிகளில் பேஸ்பால் ஆட்டத்தைச் சார்ந்து வளர்ந்த ஒரு தொழிலில், இவ்விரு வித்தைகளும் நெடுங்காலமாக ஒரே மனிதரின் பொறுப்பாக இருந்து வந்திருக்கின்றன. பையனைக் கண்டெடுப்பவரும் அவரே; அவன் கையில் மட்டையைக் கொடுத்து அதை வீசக் கற்பிப்பவரும் அவரே. இந்த ஏற்பாட்டில் ஓர் அரிய நியாயம் அடங்கியிருக்கிறதென்பதும், பணமும் அவசரமும் சேர்ந்து அதை இப்போது குலைத்து வருகின்றன என்பதும், குலைய விடாமல் அதைக் காப்பது அந்தக் கல்லூரிகளின் கடமை என்பதும் என் அபிப்பிராயம்.

இதைப் பற்றிச் சிந்திக்க ஒரு சந்தர்ப்பமும் வாய்த்திருக்கிறது. 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி, டென்னசி பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராயிருந்த டோனி வைட்டெல்லோவைத் தன் மேலாளராக நியமித்தது. தொழில்முறை ஆட்டத்தில் ஆடியோ பயிற்றுவித்தோ அனுபவமில்லாத ஒருவரைக் கல்லூரி மைதானத்திலிருந்து நேரே மேஜர் லீக் அணியின் மேலாளர் பீடத்தில் ஏற்றுவது அந்நாட்டில் அதற்கு முன் நடவாத காரியம். பத்திரிகைகளெல்லாம் அந்தப் புதுமையையே எழுதின. ஆனால் அவர் தலைமைப் பயிற்சியாளராவதற்கு முன்னால், மிசௌரி, டெக்சஸ் கிறிஸ்டியன், ஆர்கன்சா என்ற மூன்று பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக உழைத்தவர் என்பதையும், ஆர்கன்சாவில் அவருக்கிருந்த பதவி, அங்குள்ளோர் 'ஹிட்டிங் கோச்' என்றும் 'ரெக்ரூட்டிங் கோஆர்டினேட்டர்' என்றும் வழங்குகிற அந்த இரட்டைப் பதவியே என்பதையும் நினைத்துப் பார்த்தவர் சிலரே. ஒரு பெரிய அணி இன்று அவரிடம் கண்டு மதிக்கிற சாமர்த்தியம் முழுவதும், எவரும் பெயர் சொல்லாத அந்தக் கீழ்ப்படியில் நின்று அவர் சம்பாதித்ததுதான்.

முதலில் கற்பிக்கும் வித்தையைப் பார்ப்போம். கிரிக்கெட்டிலே பந்து தரையில் குத்தி எழும்போது ஆட்டக்காரனுக்கு ஒரு கணம் கிடைக்கிறது; பேஸ்பாலில் அந்தக் கணமும் இல்லை. பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் பேட்டர் நிற்கும் தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் விடப்படும் பந்து அந்தத் தூரத்தை விநாடியின் பத்தில் நான்கு பங்கு நேரத்தில் கடந்துவிடுகிறது. அதற்குள்ளே, வருவது நேரான பந்தா, வளைகிற பந்தா, வேகம் குறைத்து ஏமாற்றும் பந்தா என்று கண்டறிந்து, அடிப்பதா விடுவதா என்று தீர்மானித்து, தீர்மானித்ததை இடுப்பும் தோளும் மணிக்கட்டும் நிறைவேற்ற வேண்டும். இரண்டே முக்கால் அங்குலத்துக்கும் குறைந்த பருமனுள்ள உருண்டை மட்டையால் உருண்டைப் பந்தைச் சந்திக்கும்போது, ஒரு மயிரிழை மேலே பட்டால் பந்து தரையோடு உருளும். ஒரு மயிரிழை கீழே பட்டால் வானத்தை நோக்கிப் போய் எதிரியின் கையுறையில் விழும். 1941-ல் டெட் வில்லியம்ஸ் என்ற மகா ஆட்டக்காரர் .406 என்ற சராசரியை எட்டியதை அந்நாட்டவர் இன்றும் பக்தியோடு சொல்லுகிறார்கள். அந்த மகத்தான ஆண்டிலும் பத்து முயற்சிகளில் ஏறக்குறைய ஆறில் அவர் தோற்றார் என்பதே அதன் பொருள். பத்தில் மூன்று முறை ஜயித்தவன் அந்த ஆட்டத்தில் சிறந்தவன்.

ஆகவே மட்டை வீசக் கற்பிக்கிறவருடைய முதற் பாடம் தோல்வியோடு குடித்தனம் செய்வது எப்படி என்பதே. அவருடைய பாடசாலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். நாற்புறமும் வலை கட்டிய நீண்ட கூடம். அதன் ஒரு மூலையில் பந்துகள் நிறைந்த பிளாஸ்டிக் வாளி. அந்த வாளியின் மூடி மேல் பஞ்சு வைத்துத் தைத்திருக்கும். பயிற்சியாளருக்கு ஆசனம் அதுதான். பக்கவாட்டில் அந்த வாளியின் மேல் குனிந்து உட்கார்ந்தபடி, பந்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பையனின் இடுப்புயரத்துக்கு மெல்லத் தூக்கிப் போடுகிறார். பையன் அடிக்கிறான், பந்து வலையில் பட்டு விழுகிறது. பத்து, இருபது, ஐம்பது. பையனுடைய முன்தோள் ஒரு க்ஷணம் முந்தித் திறந்துகொள்வதை அவர் மூன்றாவது வீச்சிலேயே கண்டுவிட்டார், ஆனாலும் சொல்லவில்லை. நேற்றுப் பாதத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தை இன்னும் அவன் உடம்பில் இறங்கவில்லை. அதற்குள் தோளைப் பற்றியும் சொன்னால் பாதமும் போகும், தோளும் போகும். வாளி காலியானதும் இருவரும் சேர்ந்து பந்துகளைப் பொறுக்குகிறார்கள். அந்தப் பொறுக்கும் வேளையில்தான், முகத்தைப் பாராமல், சாதாரணமாக ஒரு வாக்கியம் சொல்லுகிறார். அந்த ஒரு வாக்கியத்தை எப்போது சொல்வது, எத்தனை நாள் சொல்லாமல் வைத்திருப்பது என்பதில்தான் அவருடைய வித்தை அனைத்தும் இருக்கிறது.

இப்போது மட்டையின் அடியில் பொருத்தும் சிறு கருவி, வீச்சின் வேகத்தையும் கோணத்தையும் உடனுக்குடன் சொல்லிவிடுகிறது. பந்து மட்டையை விட்டுப் புறப்பட்ட வேகத்தை ராடார் அளந்து தருகிறது. இவற்றை நான் இகழவில்லை. வைத்தியருக்கு நாடி பார்க்கும் விரலோடு வெப்பமானியும் வேண்டும். ஆனால் இருபது முறை தொடர்ந்து அடி வாய்க்காமல் திரும்பிய ஒரு பதினெட்டு வயதுப் பையன், தன் வீட்டிலிருந்து எண்ணூறு மைலுக்கு அப்பால், இரவில் உறங்காமல் தன் திறமையையே சந்தேகித்துக்கொண்டிருக்கும்போது, அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எந்தக் கருவியும் எவருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதற்கு அவனை முன்பே அறிந்திருக்க வேண்டும். அவனுடைய ஊரும் வீடும் தகப்பனாரின் சுபாவமும் தெரிந்திருக்க வேண்டும். இந்த அறிவு எங்கேயிருந்து வருகிறது? அது இரண்டாவது வித்தையிலிருந்து, அதாவது தேடிக் கண்டெடுக்கும் வித்தையிலிருந்து, வருகிறது.

அந்தத் தேடலுக்கு ஊரும் இல்லை, காலமும் இல்லை. கோடைகாலம் முழுவதும் ஜார்ஜியா மாநிலத்துப் பெரிய மைதானக் கூட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளின் போட்டிகள் காலைமுதல் இரவுவரை நடக்கும். அக்டோபரில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜூபிட்டர் என்ற ஊரில் கல்லூரிப் பயிற்சியாளர்களும் தொழில்முறை அணிகளின் ஒற்றர்களும் கோல்ஃப் வண்டிகளில் மைதானத்துக்கு மைதானம் பாய்ந்துகொண்டிருப்பார்கள். வேலிக்கப்பால் நின்று, கையில் ராடார் கருவியும் நிறுத்துகடிகாரமும் வைத்துக்கொண்டு, இவர்கள் பையன்களை அளக்கிறார்கள். ஓட்டத்தின் வேகம், எறியும் கையின் வலிமை, மட்டையின் விசை, இவை யாவரும் அளக்கக்கூடியவை. அவற்றை அளப்பதனால் ஒருவர் மற்றவரைவிட உயர்ந்துவிட முடியாது. உண்மையான தேர்வாளர் பார்ப்பது வேறு. மூன்று முறை தவறிவிட்டு வெளியே போகிற பையன் மட்டையைத் தரையில் அடிக்கிறானா, அல்லது அடுத்து வருகிறவனிடம் பிட்சரின் சூழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறானா? நிச்சயமாய் அவுட் என்று தெரிந்த பந்துக்கும் முழு வேகத்தில் ஓடுகிறானா? தாயார் கொண்டுவந்த தண்ணீர்ப் பாத்திரத்தை எப்படி வாங்கிக்கொள்ளுகிறான்? பதினாறு வயதுத் தேகம் இன்னும் வளரும். பதினாறு வயதுச் சுபாவம் அவ்வளவு எளிதில் மாறாது. இதை அறிந்தவரே தேர்வாளர்.

பிறகு அவர் அந்தப் பையனுடைய வீட்டு முன்னறையில் போய் உட்காருகிறார். இங்கேதான் இந்தத் தொழிலின் தர்மம் உரைத்துப் பார்க்கப்படுகிறது. நெடுங்காலமாக, முதற் பிரிவுக் கல்லூரி ஒன்று பேஸ்பாலுக்காக வழங்கக்கூடிய முழு உதவித்தொகைகளின் எண்ணிக்கை 11.7 ஆகவே இருந்தது; அதை அதிகமாய்ப் போனால் 27 பேருக்குப் பங்கிட வேண்டியிருந்தது; ஒருவருக்குக் கால் பங்கு கட்டாயமாயிருந்தது. பங்கு என்று பார்த்தால் பெரும்பாலான பையன்களுக்குக் கிடைத்தது பாதிக் கட்டணம்கூட இல்லை. மீதிப் பணத்தைப் பெற்றோர்தாம் புரட்ட வேண்டியிருந்தது. அநேகர் கடன் வாங்கித்தான் புரட்டினார்கள். ஆக, இந்தப் பயிற்சியாளர் அந்த முன்னறையில் உட்கார்ந்து கேட்டது, "உங்கள் பிள்ளையை எங்கள் கல்லூரிக்கு அனுப்புங்கள்" என்பது மட்டுமல்ல. "என் வாக்கை நம்பி உங்கள் குடும்பத்தின் மேல் ஒரு கடனை ஏற்றிக்கொள்ளுங்கள்" என்பதும்தான். தகப்பனார் ஆட்டத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார். தாயார் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "அங்கே இவனைப் பார்த்துக்கொள்ளுகிறவர் யார்?" அந்தக் கேள்விக்கு, "நான்தான் பார்த்துக்கொள்வேன், அம்மா" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர், அந்தப் பையனுக்குத் தாமே கற்பிக்கப் போகிறவர் ஒருவரே. மற்றவர் எவர் சொன்னாலும் அது வியாபாரியின் வார்த்தை.

இதுதான் நான் சொல்லும் நியாயம். கண்டெடுப்பவரும் கற்பிப்பவரும் ஒருவராயிருக்கும்போது, அந்த முன்னறையில் சொன்ன வாக்கு அவரை விடாமல் பின்தொடர்ந்து பயிற்சிக் கூடம் வரைக்கும் வருகிறது. மிகைப்படுத்திச் சொன்னால், மிகைக்குரிய தண்டனையை அவரே அனுபவிக்க வேண்டும். பையனிடம் இல்லாத திறமையை இருப்பதாகச் சொல்லிச் சேர்த்துவிட்டால், வாளியின் மேல் உட்கார்ந்து நான்கு வருஷம் பந்து போட வேண்டியவரும் அவரே. ஆகையால் அவருடைய கண் சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறது. அவருடைய கை வாக்குக்குக் கட்டுப்படுகிறது. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நாம் சொல்லுகிறோம். முளையைப் பார்த்துச் சொன்னவனே களை பறிக்கவும் நீர் பாய்ச்சவும் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அந்தப் பழமொழியை எவரும் அலட்சியமாகச் சொல்லமாட்டார்கள்.

இவ்வாறு வளர்ந்த ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். வைட்டெல்லோ போன பிறகு டென்னசியின் தலைமைப் பயிற்சியாளராக அமர்ந்திருக்கும் ஜாஷ் எலாண்டர், டெக்சஸ் மாநிலத்தில் ரவுண்ட் ராக் என்ற ஊரைச் சேர்ந்தவர். டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் 2012 வரை ஆடினார். அங்கே உதவிப் பயிற்சியாளராயிருந்த வைட்டெல்லோவிடம் பயின்றார். 2012-ல் தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தெரிந்தெடுக்கும் தெரிவில், அட்லாண்டா பிரேவ்ஸ் அணி ஆறாவது சுற்றில் அவரைத் தெரிந்தெடுத்தது. அதன் பிறகு மைனர் லீக் ஊர்களில் சில ஆண்டுகள். 2015-ல் அரிசோனா அணிக்கு மாற்றம். மேஜர் லீக் வாசலை ஒருநாளும் மிதிக்காமலே அந்த வாழ்க்கை முடிந்தது. ஆடுகிறவனாகத் தோற்ற இருபத்தைந்து வயதுக்காரர், 2017-ல் தம் பழைய ஆசிரியர் இருந்த ஆர்கன்சாவில் 'வாலன்டியர்' பயிற்சியாளராகச் சேர்ந்தார். அதாவது சம்பளமில்லாத வேலை. அதே ஆண்டு வைட்டெல்லோ டென்னசிக்குத் தலைமைப் பயிற்சியாளராய்ப் போனபோது, சிஷ்யரையும் உடன் அழைத்துக்கொண்டு போனார். அங்கே எட்டுப் பருவங்கள், மட்டை வீசக் கற்பிப்பதும் பையன்களைத் தேடிச் சேர்ப்பதும் எலாண்டரின் பொறுப்பு. மைனர் லீகில் தாம் அனுபவித்த தோல்விகள் அனைத்தும் அவருக்கு அங்கே மூலதனமாயின என்றே நான் எண்ணுகிறேன்; தோற்றறியாதவர் தோல்வியைக் கற்பிப்பது கடினம்.

அதன் பலன் 2024-ல் பிரத்தியட்சமாயிற்று. 2005-க்குப் பிறகு பதினாறு ஆண்டுகள், கல்லூரிச் சாம்பியன் தொடர் நடக்கும் ஓமாஹா நகரத்தையே எட்டிப் பாராத டென்னசி, 2021-லும் 2023-லும் அங்கே போய்த் திரும்பி, 2024 ஜூனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை மூன்றாட்ட இறுதிப் போட்டியில் வென்று தன் முதற் சாம்பியன் பட்டத்தைப் பெற்றது. அந்த ஒரு பருவத்தில் அந்த அணி அடித்த ஹோம் ரன்கள், அதாவது எல்லைக்கு அப்பால் பறந்த அடிகள், 184. கல்லூரி ஆட்டத்தின் சரித்திரத்தில் 1997-ல் லூசியானா ஸ்டேட் அடித்த 188 ஒன்றே அதைவிட அதிகம். ஐந்து பேர் ஆளுக்கு இருபதோ அதற்கு மேலோ அடித்தார்கள். அவர்களில் கிறிஸ்டியன் மூர் 34 அடித்தான். ஓமாஹாவில் முதல் ஆட்டத்திலேயே ஒரு தள அடி, இரு தள அடி, மூன்று தள அடி, ஹோம் ரன் என்று எல்லாவகை அடியையும் ஒரே ஆட்டத்தில் அடித்துக் காட்டினான். 1956-க்குப் பிறகு அந்த மேடையில் எவரும் செய்யாத சாதனை அது. இறுதிப் போட்டியின் மூன்று ஆட்டங்களிலும் ஹோம் ரன் அடித்துத் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரனாய்த் தெரிவானவன் டிலன் டிரைலிங்.

இவ்விருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்று கவனிக்க வேண்டும். பேஸ்பால் பையன்களை வருஷம் முழுவதும் வெயிலில் வளர்க்கும் மாநிலங்கள் ஃபுளோரிடாவும் டெக்சஸும் கலிஃபோர்னியாவும். மூரோ நியூயார்க்கின் புரூக்ளின் பிள்ளை. டிரைலிங்கோ கான்சஸ் மாநிலத்துக் கோதுமைச் சமவெளியில் உள்ள ஹேஸ் என்ற சிற்றூர்க்காரன். குளிர்காலம் நீண்டு, ஆடும் நாட்கள் குறைந்து, ஒற்றர்களின் வண்டி அடிக்கடி வந்து நில்லாத இடங்கள் அவை. அங்கேயெல்லாம் போய்த் தேடியது ஒரு சாதனை; தேடிக் கண்டவனை இரண்டு மூன்று ஆண்டுகள் கூடவே இருந்து வளர்த்தது அதனினும் பெரிய சாதனை. இவ்விரண்டும் ஒரே பயிற்சியாளர் குழுவின் பொறுப்பாய் இருந்தமையால்தான் அது கைகூடிற்று.

இத்தகைய மனிதர்களை அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டின் நிர்வாகம் நெடுங்காலம் எப்படி நடத்தியது என்பது வருந்தத்தக்க கதை. 1992-ல் ஒரு விதி வந்தது: சில உதவிப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கலாகாது. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சட்டவிரோதமென்று தள்ளியது. அடுத்த ஆண்டு ஐந்து கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து நிர்வாகம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அப்படியும் பாடம் படியவில்லை. பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரையும் இரண்டு உதவியாளர்களையும் தவிர, நான்காமவர் வேண்டுமானால் அவர் சம்பளமில்லாத தொண்டராகவே இருக்க வேண்டும் என்ற விதி நீடித்தது. விடியற்காலையில் மைதானத்தைச் சீராக்குவதும், பகலெல்லாம் பந்து போடுவதும், இரவு பஸ்ஸில் அணியோடு போவதும் அவர் வேலை. அவருடைய ஜீவனமோ கோடையில் சிறுவர் முகாம் நடத்தியும், தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தும். வெளியூர் சென்று ஆள் சேர்க்கவும் அவருக்கு அனுமதியில்லை. அதாவது கற்பிக்கும் கையை இலவசமாக வாங்கிக்கொண்டு, கண்டெடுக்கும் கண்ணைக் கட்டிவிட்டார்கள். பரம்பரைச் சொத்துள்ளவனோ, பசியைப் பொருட்படுத்தாதவனோதான் அந்த வாசலால் இந்தத் தொழிலுக்குள் நுழைய முடியும். இரண்டுமில்லாத எத்தனை நல்லாசிரியர்கள் வாசலிலேயே திரும்பிப் போனார்களோ! 2022-ல் தொண்டர்களாயிருந்தவர்கள் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஜூலை முதல் தேதியோடு அந்தத் தொண்டர் பதவி ஒழிந்தது. வழக்கும் நான்கு கோடியே 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. தாமதமாக வந்தாலும் அது நியாயம். அதை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் ஓர் அநீதி போன அதே வேளையில் வேறோர் அபாயம் வந்து சேர்ந்திருக்கிறது. 2018-ல் தொடங்கிய 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்னும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு ஆட்டக்காரன் கல்லூரி மாறலாம்; 2021 முதல் பேஸ்பாலிலும் ஒரு முறை மாறி உடனே ஆடலாம் என்றானது; 2024 முதல் எத்தனை முறை மாறினாலும் தடையில்லை. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரன் தன் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் சம்பாதிக்கலாம்; 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். அதே உடன்பாட்டில் உதவித்தொகையின் உச்சவரம்பு போய், அதற்குப் பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் கூடாதென்ற வரம்பு வந்தது. மறுபுறம், தொழில்முறைத் தெரிவு 2019 வரை நாற்பது சுற்றாக இருந்தது, 2021 முதல் இருபதாகச் சுருங்கிற்று. மேஜர் லீகைச் சார்ந்த மைனர் அணிகள் 160-லிருந்து 120 ஆயின. முன்பு மைனர் லீகில் போய் வளர்ந்திருக்கக்கூடிய பையன்கள் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். நாற்றங்கால் பெரிதாக வேண்டிய காலத்தில், நாற்றங்காலில் இடம் குறைந்துவிட்டது. இருக்கிற இடத்திலும் விளைந்த பயிரையே கொண்டுவந்து நடலாம் என்ற வசதியும் வந்துவிட்டது.

இதன் விளைவை ஊகிக்கப் பெரிய தீர்க்கதரிசனம் வேண்டாம். வேறொரு கல்லூரியில் மூன்று வருஷம் ஆடித் தேர்ந்த இருபத்திரண்டு வயது ஆட்டக்காரனைப் பணம் கொடுத்து ஒரே வாரத்தில் கொண்டுவரலாம் என்றிருக்கும்போது, ஹேஸ் போன்ற ஊரில் பனி விலகுவதற்காகக் காத்திருந்து ஒரு பதினாறு வயதுப் பையனைப் பார்க்க எவர் போவார்? சில பல்கலைக்கழகங்கள் ஆள் சேர்ப்பதற்கென்றே 'ஜெனரல் மேனேஜர்' என்ற தனிப் பதவியை ஏற்படுத்தத் தொடங்கியிருக்கின்றன. அவர் பட்டியலைப் பார்த்து வாங்குவார். பயிற்சியாளர் வந்ததை வைத்து ஆடவைப்பார். கண்ணும் கையும் இருவேறு உடம்புகளுக்குப் போய்விடும். தாயாரின் கேள்விக்குப் பதில் சொல்லுகிறவர், மறுநாள் முதல் அந்தப் பையனைக் காணவே வேண்டியதில்லை.

இங்கே ஒருவர் என்னைத் தடுத்து, "பயிற்சியாளர்கள் விரும்பியபோதெல்லாம் வேறு கல்லூரிக்குப் போய் விடுகிறார்களே, பையன்களை மட்டும் கட்டிப்போட நீர் யார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வைட்டெல்லோவே, இலையுதிர்காலப் பயிற்சி நடந்துகொண்டிருந்த அக்டோபரில்தான் தம் பையன்களை விட்டுப் போனார். பல ஆண்டுகள் ஆட்டக்காரர்களின் உழைப்பால் வந்த பணத்தை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதும் உண்மை. பையன்களுக்குக் கிடைத்த சுதந்திரத்தையும் பணத்தையும் திருப்பிப் பிடுங்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுவது அதர்மம். கட்டு வேண்டியது பையனுக்கு அல்ல, கண்டெடுத்தவருக்கும் அவரை அமர்த்திய கல்லூரிக்கும். சுதந்திரமாகப் போகிறவன் போகட்டும். இருந்து வளர நினைக்கிறவனை அனுப்பிவிடாமலிருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஏனெனில் வளர்ச்சி காலத்தைக் கேட்கிறது. ஓஹையோ மாநிலத்து மதைரா என்ற ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெனின்டெண்டி ஆர்கன்சாவில் சேர்ந்த முதற் பருவம் 2014. அவ்வாண்டு அவன் சராசரி .276, ஹோம் ரன் ஒன்றே ஒன்று. அந்தப் பருவத்தோடு கணக்கை மூடியிருந்தால், சிறிய தேகமும் சாதாரண மட்டையுமுள்ள பையன் என்று எழுதி மூடியிருப்பார்கள். மறு ஆண்டு அவன் சராசரி .376, ஹோம் ரன்கள் இருபது, நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்குரிய கோல்டன் ஸ்பைக்ஸ் விருது, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஏழாவது இடத்தில் அவனைத் தெரிந்தெடுத்தது, 2018-ல் அந்த அணியோடு உலகத் தொடரையும் வென்றான். அந்த இரண்டு ஆண்டுகளும் ஆர்கன்சாவில் மட்டைப் பயிற்சி வைட்டெல்லோவின் பொறுப்பிலே இருந்தது. ஒன்றுக்கும் இருபதுக்கும் நடுவே எத்தனை வாளிப் பந்துகள் போயிருக்கும்! வெளியே அது கணக்கில் ஏறாது. ஒன்றோடு நின்றவனைப் பார்த்து, "இவன் கதை இன்னும் முடியவில்லை" என்று சொல்லக் கூடியவர் பக்கத்தில் இருந்தால்தான் இருபது வரும்.

ஆகவே கல்லூரிகள் செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளியிலிருந்து சேர்த்த பையனுக்கு, அவன் ஒழுக்கத்தோடும் படிப்போடும் இருக்கும்வரை, குறைந்தது இரண்டு பருவங்களுக்கு இடமும் உதவித்தொகையும் உண்டென்று எழுத்திலே வாக்களிக்க வேண்டும். சொன்னவர் கையெழுத்தும் அதிலே இருக்க வேண்டும். உதவிப் பயிற்சியாளர்களுக்கு வருஷத்துக்கு வருஷம் தொங்கும் வேலையை விட்டுப் பல ஆண்டு ஒப்பந்தம் கொடுக்க வேண்டும். நாளை தாம் இருப்போமா என்று தெரியாதவர் பிறன் பிள்ளைக்கு நான்கு வருஷ வாக்குக் கொடுக்க முடியாது. அவர்களுடைய திறமையை மதிப்பிடும்போது, எத்தனை பேரைக் கொண்டுவந்தார் என்பதோடு, கொண்டுவந்தவர்களில் எத்தனை பேர் முதல் ஆண்டைவிட மூன்றாம் ஆண்டில் சிறந்தார்கள், எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போனார்கள் என்பதையும் கணக்கிட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆள் சேர்க்கும் அதிகாரத்தைக் கற்பிக்கிறவரிடமிருந்து பிரித்து ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது. 2023-ல் பள்ளியின் பதினோராம் வகுப்புக்கு முந்திய ஆகஸ்டு முதல் தேதிக்கு முன்னால் பையன்களோடு பயிற்சியாளர்கள் பேசவே கூடாதென்று விதி செய்தார்கள். எட்டாம் ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகளிடம் வாக்கு வாங்கிய அவசரத்துக்கு அது நல்ல தடை. வாக்கு வாங்கும் நாளை ஒழுங்குபடுத்தியவர்கள், வாக்குக் கொடுத்தபின் அதைக் காக்கும் நாட்களையும் ஒழுங்குபடுத்தலாமே.

ஜனவரி மாதத்து விடியற்காலை. கல்லூரியின் வலைக் கூடத்தில் விளக்கு எரிகிறது. மற்ற இடமெல்லாம் இருட்டு. சென்ற பருவம் சரியாக ஆடாத பையன் ஒருவன் மட்டையோடு நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் வாளியின் மேல் உட்கார்ந்திருப்பவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அவன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தவர். அவர் என்ன சொன்னார் என்பது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவர் ஒரு பந்தை எடுத்து அவன் இடுப்புயரத்துக்கு மெல்லத் தூக்கிப் போடுகிறார். பந்து போடுகிறவர் வேறொருவராக இருந்தால் அது வெறும் அப்பியாசம். வாக்குக் கொடுத்தவரே போடும்போது, ஒவ்வொரு பந்திலும் அந்தக் கடன் சிறிது சிறிதாக அடைபடுகிறது.